கண்ணியும் அடாரும்: பனிக்காட்டில் பொறி வைக்கக் கற்கத் தொடங்குவோருக்கு

வழி தவறிக் காட்டில் மாட்டிக்கொண்டவருக்கு உணவு முதல் தேவை அன்று. கடுங்குளிரில் உறைவிடமும் உலர்ந்த உடையும் இல்லாதவர் சில மணி நேரத்தில் உயிரிழக்கலாம். தண்ணீர் இல்லாமல் மூன்று நாள் தாங்குவதே கடினம். உணவில்லாமலோ, உடல்நலமுள்ள ஒருவர் மூன்று வாரம் வரைகூடத் தாக்குப்பிடிக்கக்கூடும். ஆகவே ஒதுங்க ஓர் இடம், நெருப்பு, தண்ணீர், தேடி வருவோர் கண்ணில் படும் அடையாளம் ஆகிய நான்கையும் முடித்த பிறகே பொறி வைக்கும் வேலையைக் கையிலெடுக்க வேண்டும். மீட்பு வரத் தாமதமாகும் என்று தெரிந்துவிட்டால், அப்போது வேட்டையைவிடப் பொறியே கைகொடுக்கும். முயலைத் தேடி நடப்பவர் தேடும் நேரம் முழுவதும் தம் உடற்சூட்டைச் செலவழிக்கிறார். பத்துக் கண்ணி வைத்துவிட்டு நெருப்பருகே உறங்குபவருக்காக அந்தப் பத்தும் இரவெல்லாம் விழித்திருக்கின்றன.

அந்தத் திறனிலேயே தீங்கும் அடங்கியிருக்கிறது. வைத்தவர் அருகில் இல்லாததால், வருவது எது என்று பொறி பார்ப்பதில்லை. தினைப்புனத்தை மேயும் காட்டுப்பன்றிக்காகப் புனவன் ஒருவன் சிறு பொறியில் பெருங்கல்லை மாட்டி வைத்த அடாரில், அதாவது கல் விழுந்து கொல்லும் பொறியில், பன்றி தப்பிவிட, வலிய புலி அகப்பட்ட செய்தியை நற்றிணைப் பாடல் ஒன்று சொல்கிறது. இரண்டாயிரம் ஆண்டு பழமையான அந்தக் காட்சி இன்றும் நடக்கிறது. இலங்கையின் மலையகத் தோட்டங்களில் பன்றிக்கு வைக்கப்படும் கம்பிக் கண்ணிகளில் சிறுத்தைகள் சிக்குகின்றன. 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதியில் அரிய கருஞ்சிறுத்தை ஒன்று அவ்வாறு கண்ணியில் சிக்கி, உயிருடன் மீட்கப்பட்டும் சில நாட்களில் இறந்துபோனது. பொறி வைக்கக் கற்கிறவர் இந்த இரண்டையும் மனத்தில் இருத்திக்கொண்டே முதல் கம்பியைத் தொட வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

இங்கே நான் எழுதுவது கனடாவின் வடபுற ஊசியிலைக் காடுகளில், பனிக்காலத்தில், முயலுக்கும் அணிலுக்கும் மீனுக்கும் வைக்கும் சிறு பொறிகளைப் பற்றி மட்டுமே. ஒன்ராறியோவின் வடக்கே, கிரீ, ஒஜிப்வே பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பொறித்தடம் (பொறிகளை வரிசையாக வைத்துச் சுற்றிவரும் வழி) அமைத்து வாழ்ந்த நிலத்தில், பயிற்சி முகாம் ஒன்றில் நான் கற்றவை அவை. பெரிய விலங்குகளுக்கான பொறிகள் புதியவர் தொடக்கூடாதவை. அவற்றை இங்கே சொல்லப்போவதில்லை.

எங்கே கற்கலாம், எங்கே கூடாது

கனடாவில் பொறி வைப்பதற்கான விதிகள் மாகாணத்துக்கு மாகாணம் வேறுபடும். ஒன்ராறியோவில் பொறி உரிமம் பெற விரும்புகிறவர், மென்மயிர் விலங்குகளைப் பிடித்தல், பேணுதல், பாதுகாத்தல் ஆகியவற்றைப் பற்றிய அரசு ஏற்ற பயிற்சியை முடித்துத் தேர்விலும் வெற்றி பெற வேண்டும். பழங்குடி மக்களின் உரிமைகள் 1982ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டத்தின் 35ஆம் பிரிவில் ஏற்கப்பட்டவை. அவர்களுடைய பொறித்தடத்திலோ, உரிமம் பெற்ற மற்றவரின் தடத்திலோ அனுமதியின்றிக் கண்ணி வைப்பது சட்டப்படியும் முறைப்படியும் தவறு. உங்கள் மாகாணத்தின் அந்த ஆண்டுக்கான விதிநூலைப் படிப்பதே கற்றலின் முதல் நாள் வேலை.

இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு விடை சுருக்கமானது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், கண்ணி வைப்பதையும் பொறி வைப்பதையும் இரை வைத்து ஈர்ப்பதையும் வேட்டை என்றே வரையறுக்கிறது. ஆகவே காட்டு முயலுக்குக் கண்ணி வைத்துப் பழகுவது குற்றம். ஆனால் பொறியின் இயக்கத்தை, இரையும் உயிரும் இல்லாமல், வீட்டுக் கொல்லையில் முழுமையாகக் கற்றுக்கொள்ள முடியும். கீழே சொல்லும் அடார்ப் பயிற்சியை நான் அப்படித்தான் அமைத்திருக்கிறேன். வயலெலியைப் பிடிக்க மூங்கிலை வில்லாக வளைத்துக் காவிரிப் படுகை உழவர்கள் வைக்கும் தஞ்சாவூர்க் கிட்டியைப் பார்த்திருப்பவர்களுக்கு விசை எப்படி வேலை செய்கிறது என்பது ஏற்கெனவே பாதி தெரிந்திருக்கும்.

முதலில் தடத்தைப் படியுங்கள்

நல்ல கண்ணியைத் தவறான இடத்தில் வைத்தவருக்கு ஒன்றும் கிடைக்காது. சுமாரான கண்ணியைச் சரியான இடத்தில் வைத்தவருக்கு உணவு கிடைக்கும். ஆகவே முதல் இரண்டு மூன்று நாட்களை ஒரு கம்பியும் எடுத்துச் செல்லாமல் வெறுமனே நடந்து பார்ப்பதற்கு ஒதுக்குங்கள்.

ஸ்னோஷூ முயல் எனப்படும் பனிமுயல் கோடையில் பழுப்பாகவும் குளிரில் வெள்ளையாகவும் இருக்கும். எடை பெரும்பாலும் ஒன்றரைக் கிலோவுக்குள். அகன்ற பின்னங்கால்களால் பனியில் புதையாமல் ஓடும். தாவும்போது அதன் பின்னங்கால்கள் முன்னங்கால்களைத் தாண்டி முன்னே விழுவதால், தடத்தில் பெரிய இரு பாதங்கள் முன்னாலும் சிறிய இரண்டு பின்னாலும் தெரியும். முயல் போன திசை பெரிய பாதங்கள் இருக்கும் பக்கம். புதியவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகப் படித்துவிடுகிறார்கள். ஒரே வழியில் திரும்பத் திரும்ப ஓடுவது அதன் வழக்கம். அதனால் அடர்ந்த இளமரங்களுக்கிடையில் பனி இறுகி, ஒரு சாண் அகலத்துக்குச் சிறு வாய்க்கால்போல ஓர் ஓடுபாதை உருவாகும். நீங்கள் தேடுவது அதைத்தான்.

ஓடுபாதை இன்னும் புழக்கத்தில் உள்ளதா என்பதைச் சுற்றியுள்ள செடிகள் சொல்லும். முயலுக்கு மேலும் கீழும் வெட்டுப்பற்கள் இருப்பதால், அது கடித்த சுள்ளியின் முனை கத்தியால் சாய்வாக வெட்டியதுபோல வழவழப்பாக இருக்கும். மானுக்கும் மூஸ் மானுக்கும் மேல் தாடையின் முன்புறம் வெட்டுப்பற்கள் இல்லை; அவை மென்ற கிளை பிய்ந்து நார்நாராகத் தொங்கும். வெட்டு ஈரப்பசையோடு வெளிறியிருந்தால் புதியது, கறுத்திருந்தால் பழையது. பாதை நெடுக உருண்டைப் புழுக்கைகள் கிடக்கும். புதுப்பனியின்மேல் கிடப்பவை நேற்றிரவு வந்தவை. ஒரு குறிப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: பனிமுயலின் எண்ணிக்கை ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒரு முறை பெருகிச் சரியும். மென்மயிர்த் தோல் வாணிபம் செய்த ஹட்சன்ஸ் பே கம்பெனியின் கணக்குகளைக் கொண்டு சார்லஸ் எல்ட்டன் முதலிய சூழலியலாளர்கள், முயலை நம்பி வாழும் லின்க்ஸ் பூனையின் எண்ணிக்கை அதே தாளத்தில் ஏறி இறங்குவதைக் காட்டினார்கள். சரிவு ஆண்டில் போய் நின்றால் எவ்வளவு திறமையானவருக்கும் தடமே கிடைக்காது. அப்போது நேரத்தை வீணாக்காமல் மீனுக்கு மாறிவிட வேண்டும்.

கம்பிக் கண்ணி

மெல்லிய பித்தளைக் கம்பியில் அறுபது சென்டிமீட்டர் நறுக்கிக்கொள்ளுங்கள். தடிமன் 20 அல்லது 22 கேஜ் போதும் (கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெல்லியதாகும்). ஒரு முனையைத் தீக்குச்சி அளவுள்ள சுள்ளியைச் சுற்றி வளைத்து, ஐந்தாறு முறை முறுக்கி, சுள்ளியை உருவினால் சிறு காது ஒன்று கிடைக்கும். மறுமுனையை அந்தக் காதுக்குள் நுழைத்து இழுத்தால் சுருக்கு ஆயத்தம். கம்பியில் மடிப்பு விழுந்த இடம் காதில் சிக்கும். சுருக்கு பாதியில் நின்றுவிட்டால் முயல் நீண்ட நேரம் துன்புறும். ஆகவே ஒவ்வொரு கண்ணியையும் உங்கள் மணிக்கட்டில் மாட்டி மெல்ல இழுத்து, தடையில்லாமல் வழுக்கி மூடுகிறதா என்று பார்த்த பிறகே பையில் போடுங்கள்.

ஏன் மெல்லிய கம்பி என்று கேட்கலாம். நியூஃபவுண்ட்லாந்து தீவில் முயற்கண்ணிகளில் அழியும் நிலையிலிருந்த மார்ட்டென் என்னும் மரநாய்வகை விலங்கு சிக்கி இறந்தது. அதனால் அது வாழும் பகுதிகளில் 22 கேஜ் பித்தளைக் கம்பியையோ, படம் மாட்டப் பயன்படும் ஆறிழைக் கம்பியையோ மட்டும் பயன்படுத்த வேண்டும் என்று விதி வந்தது. முயலை நிறுத்தும் அந்தக் கம்பியை மார்ட்டெனால் முறுக்கி அறுத்துக்கொண்டு போக முடியும். வலிமையான கம்பிதான் சிறந்தது என்ற எண்ணத்தைப் புதியவர்கள் விட வேண்டும். எதைப் பிடிக்க வேண்டுமோ அதை மட்டும் நிறுத்தும் வலிமையே சரியான வலிமை.

இனி வைக்கும் முறை. ஓடுபாதை குறுகி, இருபுறமும் செடி நெருங்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். காய்ந்த கழி ஒன்றைப் பாதையின் குறுக்கே முழங்கால் உயரத்துக்குச் சற்றுக் கீழே படுக்கவைத்து, இரு முனையையும் மரங்களில் உறுதியாக ஊன்றி, கண்ணியின் வால்முனையை அதில் இறுகச் சுற்றுங்கள். வளையத்தின் விட்டம் ஏறத்தாழப் பத்து சென்டிமீட்டர், அதாவது உங்கள் மூடிய கைமுட்டி தாராளமாக நுழையும் அளவு. வளையத்தின் அடிப்பாகம் இறுகிய பனியிலிருந்து நான்கு விரற்கடை உயரத்தில் இருக்க வேண்டும். வளையத்துக்கு இருபுறமும் சுள்ளிகளை வேலிபோல ஊன்றுங்கள். முயல் விலகிச் செல்லாமல் நடுவே வரும். வளையத்தின் கீழே ஒரு சுள்ளியைச் செருகினால் முயல் அதைத் தவிர்க்கத் தலையைத் தூக்கி நுழையும். மனித நாற்றத்தை முயல் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் பாதையை மிதித்துக் குழப்பிவிட்டால் சில நாள் அந்தப் பக்கம் வராது. எனவே எப்போதும் பாதைக்கு வெளியே நின்றே வேலை செய்யுங்கள்.

பனி பெய்த மறுநாள் எல்லாக் கணக்கும் மாறிவிடும். ஒரு சாண் பனி கொட்டியிருந்தால் முயல் அதன்மேல் புதுப்பாதை அமைக்கும். உங்கள் வளையம் அதன் காலடியில் புதைந்து கிடக்கும். ஒவ்வொரு பனிப்பொழிவுக்குப் பிறகும் எல்லாக் கண்ணிகளையும் உயர்த்திக் கட்ட வேண்டும்.

வளைத்த இளமரத்தில் கண்ணியைக் கட்டி, முயல் சிக்கியதும் அதை மேலே தூக்கிவிடும் விசைக்கழி முறையைப் பல படங்களில் பார்த்திருப்பீர்கள். சாவு விரைவாகும், நரியும் பறித்துச் செல்லாது என்பதால் அது நல்ல முறைதான். ஆனால் கடுங்குளிரில் பச்சை மரம் வளைந்த நிலையிலேயே உறைந்துபோய், விசை கழன்றாலும் நிமிராது. குளிர்காலத்தில் அதற்குப் பதிலாக ஏற்றக்கழி அமைக்க வேண்டும்: நீண்ட கழி ஒன்றைக் கவட்டுக் கிளையில் தாங்கவைத்து, கனமான அடிமுனை தாழ்ந்திருக்கும் வகையில் விட்டு, மெல்லிய முனையைக் கீழே இழுத்து, முயல் இழுத்ததும் கழன்றுவிடும் விசைக்குச்சியில் மாட்டுங்கள். கிணற்று ஏற்றம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கழன்றதும் அடிமுனை தன் பாரத்தாலேயே இறங்கி மறுமுனையைத் தூக்கிவிடும்.

அடார்: மூன்று குச்சியும் ஒரு கல்லும்

கம்பி இல்லாதவருக்கு அடார்தான் துணை. கத்தி, மூன்று குச்சி, தட்டையான கல் ஆகியவை போதும். நிறுத்திய நிலையில் குச்சிகள் 4 என்ற எண்ணைப்போலத் தெரிவதால் உலகெங்கும் அந்த எண்ணாலேயே இதைக் குறிப்பிடுகிறார்கள். செதுக்கக் கற்கும்போது பொறுமை வேண்டும். முதல் முறை எனக்கு ஒரு மாலைப்பொழுது முழுதும் ஆனது. இப்போது கால்மணி நேரத்தில் முடிகிறது.

பெருவிரல் தடிமனில், காய்ந்த, நேரான மூன்று குச்சிகளை எடுங்கள். இரண்டு ஒரு முழத்தில் பாதி நீளம். மூன்றாவது அவற்றைவிட ஒரு சாண் நீளம் கூடுதல். முதலாவது நிலைக்குச்சி. அதன் அடியைத் தட்டையாக வெட்டி, மேல்முனையை உளியின் வாய்போலச் சீவுங்கள். அதன் நடுப்பகுதிக்குச் சற்றுக் கீழே ஒரு பக்கத்தைச் சதுரமாகச் செதுக்கி, கூரிய விளிம்பு ஒன்றை உண்டாக்குங்கள்.

இரண்டாவது சாய்குச்சி. அதன் ஒரு முனையை உளிவாயாகச் சீவுங்கள். மறுமுனையிலிருந்து நான்கில் ஒரு பங்கு தொலைவில் குறுக்கே ஒரு வெட்டுப் போடுங்கள். நிலைக்குச்சியின் உச்சி இந்த வெட்டில் அமரும். கல்லின் பாரம் குட்டையான முனையில் இறங்க, நீண்ட முனை மேலே எகிறப் பார்க்கும். தாங்குமிடம் பாரத்துக்கு அருகில் இருப்பதால், கல் எவ்வளவு கனமாக இருந்தாலும் நீண்ட முனையில் அந்த இழுவை சிறிதாகவே இருக்கும். பெருங்கல்லைச் சிறு பொறி நிறுத்திவைக்கும் சூட்சுமம் இந்த நெம்புகோல்தான்.

மூன்றாவது இரைக்குச்சி. இது தரைக்கு இணையாகக் கிடக்கும். வெளிமுனையின் மேற்புறத்தில் ஒரு வெட்டு. சாய்குச்சியின் உளிவாய் அதில் மாட்டும். நிலைக்குச்சியைக் கடக்கும் இடத்தில், பக்கவாட்டில் ஒரு சதுர வெட்டு. அது நிலைக்குச்சியின் கூரிய விளிம்பைக் கவ்வும். உள்முனையைக் கூராக்கி இரையைக் குத்துங்கள். இரையைக் கடித்து இழுத்தாலோ தள்ளினாலோ சதுர வெட்டு விளிம்பிலிருந்து வழுவும், மூன்று குச்சியும் ஒரே நேரத்தில் சிதறும், கல் விழும்.

பயிற்சிக்குக் கல்லைப் பயன்படுத்தாதீர்கள். முதலில் கனமான அட்டைப்புத்தகம், பிறகு பலகை, அதன் பிறகே கல். ஒவ்வொரு முறையும் கல்லுக்கு அடியில், பொறிக்குப் பக்கத்தில், உங்கள் கைமுட்டியைவிட உயரமான கட்டை ஒன்றைத் தடுப்பாக வையுங்கள். நிறுத்தி முடித்துக் கையை வெளியே எடுத்த பிறகு அதை நீளக்குச்சியால் வெளியே தள்ளுங்கள். என்னுடைய இடது நடுவிரல் நகம் ஒரு பருவம் முழுதும் கறுத்துக் கிடந்ததற்கு அந்தத் தடுப்புக் கட்டையை வைக்க நான் சோம்பியதே காரணம். இரைக்குப் பதிலாகக் காகிதக் குவளை ஒன்றை இரைக்குச்சிக்குக் கீழே கவிழ்த்து வைத்து, சுள்ளியால் பொறியைத் தொட்டு விழச்செய்யுங்கள். குவளை முழுதும் தட்டையானால் கல் சரியாக விழுகிறது. ஒரு பக்கம் மட்டும் நசுங்கினால் குச்சிகள் கல்லுக்கு அடியில் மாட்டிக்கொண்டு அதைத் தாங்குகின்றன என்று பொருள். நிலைக்குச்சியைக் கல்லின் விளிம்புக்கு அருகே நகர்த்தினால் இது சரியாகும். தரை மிருதுவாக இருந்தால் தட்டையான கல் ஒன்றை அடியில் பதியுங்கள். நிலைக்குச்சி புதையாது, அடியும் உறுதியாக விழும். விலங்கின் எடையைப்போல் ஐந்து மடங்குக்குக் குறையாத கல் வேண்டும். செவ்வணில் கால் கிலோவுக்குள்தான் இருக்கும் என்றாலும், அதற்கும் நான் மூன்று நான்கு கிலோக் கல்லையே தேர்ந்தெடுப்பேன், ஏனென்றால் சாவு உடனே நிகழ வேண்டும்.

அமெரிக்காவின் மேற்குப் பாலைநிலத்துப் பையூட் மக்களின் பெயரால் வழங்கும் அடார் இதைவிட நுண்மையானது. அதில் சாய்குச்சியின் முனையிலிருந்து ஒரு கயிறு இறங்கும். அதன் நுனியில் கட்டிய சிறுகட்டை நிலைக்குச்சியை அரைச்சுற்றுச் சுற்றி நிற்கும். அந்தச் சிறுகட்டைக்கும் கல்லின் அடிப்புறத்துக்கும் இடையில் மெல்லிய சுள்ளி ஒன்று அழுந்தி நிற்கும். எலி அந்தச் சுள்ளியை உரசினாலே கல் விழுந்துவிடும். செதுக்கும் வேலை குறைவு, ஆனால் கயிறு வேண்டும். முதல் முறையைத் தேர்ந்த பிறகு இதைக் கற்பது எளிது.

மீனுக்குப் பறி

மழைக்காலத்தில் வயல் மடையில் பறி போட்டுக் கெண்டையும் கெளுத்தியும் பிடித்ததைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பகுதியில் நான் கற்பிக்க அதிகம் இல்லை. அகன்ற வாய், உள்நோக்கிக் குவியும் ஈர்க்குகள், நுழைந்த மீனால் திரும்ப முடியாத அமைப்பு: வடக்கில் மூங்கிலுக்குப் பதிலாக வில்லோ மரத்தின் வளையும் கொம்புகள், அவ்வளவுதான் வேறுபாடு. கொம்பு பின்ன நேரமில்லாதவர், பிளாஸ்டிக் போத்தலின் கழுத்தை வெட்டித் தலைகீழாக உள்ளே செருகி, உடலில் துளையிட்டு, கல்லைப் போட்டு ஆழமற்ற நீரில் அமிழ்த்தலாம். அதில் விழும் சிறுமீனைத் தூண்டிலில் இரையாக்குங்கள். ஓடையில் பனிக்கட்டி உறையும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும். நியாயமாகப் பார்த்தால் புதியவர் முதலில் கற்க வேண்டியது பறிதான்; மீனில் கொழுப்பு உண்டு, முயலில் இல்லை.

அந்தக் கொழுப்பு சாதாரணச் செய்தி அன்று. நூறு கிராம் காட்டுமுயல் இறைச்சியில் கொழுப்பு இரண்டு கிராம் சொச்சம்தான். ஆற்றல் ஏறத்தாழ 114 கலோரி. வேறு ஒன்றும் இல்லாமல் முயலையே தின்று வாழ்ந்தால், வயிறு நிறைய உண்டும் சில நாட்களில் வயிற்றுப்போக்கு, தலைவலி, தீராப் பசி, சோர்வு ஆகியவை வரும். ஆர்க்டிக் பயணி வில்யால்மர் ஸ்டெஃபன்சன் இதைப் பற்றி விரிவாக எழுதினார். 1928இல் நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் தம்மையே சோதனைக்கு உட்படுத்தியபோது, கொழுப்பற்ற இறைச்சியை மட்டும் உண்ட இரண்டொரு நாளிலேயே நோயுற்று, கொழுப்பைச் சேர்த்ததும் தேறினார். ஆகவே முயலின் ஈரல், மூளை, சிறுநீரகத்தைச் சுற்றிய கொழுப்பு, எலும்பு மச்சை எதையும் எறியாதீர்கள். எலும்பை உடைத்துச் சாறாகக் காய்ச்சிக் குடியுங்கள். அவசரப் பையில் ஒரு புட்டி எண்ணெயோ நெய்யோ இருந்தால் அதன் மதிப்பை அப்போது உணர்வீர்கள்.

இக்காலப் பொறிகள்

கடையில் கிடைப்பவற்றில் புதியவருக்கு மிகப் பயனுள்ளது, பலகையில் கம்பிவில் பொருத்திய பெரிய எலிப்பொறி. 1894இல் அமெரிக்காவில் வில்லியம் ஹூக்கர் காப்புரிமை பெற்ற வடிவத்தின் வழித்தோன்றல் அது. அடிமரத்தில் ஆணியால் நிறுத்தி நிலக்கடலை வெண்ணெய் தடவினால் அணிலுக்குப் போதும். பத்து ஆயத்தக் கண்ணிகளும் இரண்டு எலிப்பொறிகளும் சேர்ந்து அரைக் கிலோவைத் தாண்டாது. உயிரோடு பிடிக்கும் கூண்டு, வேண்டாத விலங்கை விடுவிக்க வாய்ப்புத் தருவதால் முகாம் அருகே நல்லது. சுமந்து நடக்க முடியாது.

வடமேற்கு நிலப்பகுதிகளில் பல்லாண்டு பொறி வைத்து வாழ்ந்த ஃபிராங்க் கோனிபேர், காலைக் கவ்வும் பழைய இரும்புப் பொறியில் விலங்குகள் படும் துன்பத்தைக் கண்டு, 1950களில் உடலைத் தாக்கி விரைவாகக் கொல்லும் சதுரப் பொறியை உருவாக்கினார். 120, 220, 330 என்ற அளவுகளில் அது இன்றும் அவர் பெயராலேயே அறியப்படுகிறது. 1997இல் கனடாவும் ஐரோப்பிய ஒன்றியமும் ரஷ்யாவும் ஏற்ற மனிதநேயப் பொறித் தரங்களின்படி, கொல்லும் பொறி ஒன்று சோதிக்கப்பட்ட விலங்குகளில் குறைந்தது எண்பது விழுக்காட்டைக் குறித்த நேரத்துக்குள் உணர்விழக்கச் செய்ய வேண்டும். மார்ட்டெனுக்கு அந்த நேரம் 120 நொடி, நீரில் வாழும் பெரிய கொறிவிலங்கான பீவருக்கு 300 நொடி. பொறி வாங்கும்போது சான்று பெற்ற பட்டியலில் உள்ளதா என்று பாருங்கள்.

இந்த வகையைத் தனியே பழகாதீர்கள். பீவருக்கான 330 உங்கள் முன்கையை முறித்துவிடும். பாதுகாப்புக் கொக்கிகளை மாட்டிய பின்னரே தாடைகளைத் திறக்க வேண்டும். நீளமான இடுக்கியால்தான் வில்லை அமுக்க வேண்டும். ஒரு முனையில் காலை நுழைக்கும் வளையம் கட்டிய கயிறு எப்போதும் சட்டைப்பையில் இருக்கட்டும். ஒரு கை சிக்கிவிட்டால், மறுகையால் கயிற்றை வில்லின் இரு கண்களுக்குள்ளும் கோத்து, வளையத்தைக் காலால் மிதித்து மேலே இழுத்தால் வில் ஒடுங்கும். இதைப் பயிற்றுநர் முன்னிலையில் பத்து முறையாவது செய்து பாருங்கள். தரையில் திறந்தவெளியில் வைத்த 220 நாய்களைக் கொன்றிருக்கிறது. உயர்த்திய பெட்டிக்குள்ளே தவிர வேறெங்கும் அதை வைக்கக் கூடாது.

பார்த்தல், எடுத்தல், அகற்றுதல்

வைத்த ஒவ்வொன்றுக்கும் எண் கொடுங்கள். குறிப்பேட்டில் எண், மரத்தின் வகை, பாதையிலிருந்து எத்தனை எட்டு என்று எழுதுங்கள். கண்மட்டத்தில் கிளையில் நிறநாடா கட்டுங்கள். விடிந்ததும் முதல் வேலை வரிசையைச் சுற்றிவருவது. உங்களால் தினமும் நடந்து பார்க்க முடிகிற எண்ணிக்கைக்கு மேல் ஒன்றுகூட வைக்காதீர்கள். பத்துக்கு ஒன்றில் முயல் கிடந்தால் நல்ல நாள். உயிரோடு இருந்தால் தயங்காமல், தலையின் பின்புறத்தில் கனமான கட்டையால் ஒரே அடியில் முடித்துவிடுங்கள்.

முயலை வெறுங்கையால் உரிக்காதீர்கள். துலாரீமியா என்னும் பாக்டீரியா நோய் முயலிலிருந்து தோலின் சிறு கீறல் வழியாகவே மனிதருக்குத் தொற்றும். கையுறை அணிந்து வயிற்றைத் திறந்ததும் ஈரலைப் பாருங்கள். அதில் வெண்புள்ளிகள் சிதறியிருந்தால் முழு உடலையும் ஆழமாகப் புதைத்துவிட்டுக் கத்தியைக் கொதிநீரில் இடுங்கள். நலமான முயலின் தோல் கையுறைபோலக் கழன்றுவிடும். இறைச்சி எலும்பருகிலும் சிவப்பின்றி வேக வேண்டும். வெப்பமானி இருந்தால் 74 டிகிரி செல்சியஸ்.

முகாமைக் கலைக்கும் நாளில், குறிப்பேட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாக அடித்துக்கொண்டே வாருங்கள். கண்ணியைக் கழற்றி, கம்பியைச் சுருட்டி, வேலிச் சுள்ளிகளைப் பிடுங்கி, நாடாவையும் அவிழ்த்த பிறகே அந்த எண்ணை அடியுங்கள். என் முதல் குளிர்காலத்தில் பன்னிரண்டு வைத்திருந்தேன். கடைசி நாள் கையில் பதினொன்றுதான் இருந்தது. இரவு பெய்த பனியில் நாடா கட்டிய கிளை முறிந்து விழுந்திருந்தது. முகாமில் எல்லோரும் வண்டியில் ஏறிக் காத்திருக்க, பயிற்றுநர் ஒன்றும் சொல்லாமல் இறங்கி என்னோடு வந்தார். குறிப்பேட்டில் நான் எழுதியிருந்த எட்டுகளை இருவருமாக மூன்று முறை எண்ணி நடந்து, முழங்காலிட்டுக் கையால் பனியைத் துழாவினோம். குறுக்குக்கழி முதலில் அகப்பட்டது. அதற்கு ஒரு சாண் கீழே, வளையம் குலையாமல், அது திறந்தே இருந்தது.